சொல்லோடு அளவையும் கேளுங்கள்

டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு முதன்முதலாகக் கட்டட வேலைக்கு வரும் பிள்ளைகள் சொற்களைக் கண்டுதான் மிரளுகிறார்கள். வரைபடத்தில் ஒரு பெயர், மேஸ்திரி வாயில் ஒரு பெயர், தர நூலில் ஒரு பெயர் என்று ஒரே பொருளுக்கு மூன்று இருக்கிறதே என்று மலைப்பு. பெயர்கள் கொஞ்ச நாளில் தானாகப் படிந்துவிடும். பெயருக்குப் பின்னால் நிற்கும் அளவைத்தான் தேடிப் படிக்க வேண்டும். அது தெரியாமல் இடும் உத்தரவு யார் காசையாவது தின்னும். சில நேரம் உயிரையும் வாங்கும். பிள்ளைகளுக்கு நான் வழக்கமாகச் சொல்பவை இவை.

1. மேஸ்திரியின் பேச்சை முதலில் பழகுங்கள்

ஃபார்ம்வொர்க் என்று சொன்னால் விழிப்பார்கள். சென்ட்ரிங் என்றால் ஆள் வரும். ஸ்காஃபோல்டிங் அங்கே சாரம். மார்ட்டர் கலவை, அக்ரிகேட் ஜல்லி, ஸ்டிரப் ரிங். சுவரின் நேர் பார்க்கத் தூக்குக்குண்டு, கிடை பார்க்க ரசமட்டம், மூலை பார்க்க மூலைமட்டம். ஒரு சொல்லில் மட்டும் விழிப்பாக இருங்கள்: பேஸ்மட்டம். ஆர்க்கிடெக்ட் பேஸ்மென்ட் என்று எழுதினால் அது பூமிக்குக் கீழே உள்ள தளம். நம்மூர் வீட்டுக்காரர் “பேஸ்மட்டம் மூணு அடி வெச்சுடுங்க” என்றால், அவர் கேட்பது தரைக்கு மேல் எழும்பும் பிளிந்த் உயரம். அந்த மூன்று அடி சாலையிலிருந்தா, மனைத் தரையிலிருந்தா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்ந்துகொண்டே போகிறது.

2. ‘லோடு’ என்பது அளவல்ல

ஒரு யூனிட் 100 கன அடி. ஒரு சதுரம் 100 சதுர அடி. சென்ட் 435.6 சதுர அடி, கிரவுண்டு 2,400 சதுர அடி. தச்சர் சொல்லும் ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. முக்கால் ஜல்லி 20 மி.மீ., அரை ஜல்லி 12 மி.மீ. ரெடிமிக்ஸ் லாரி கன மீட்டரில் பேசும். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. இவை மனப்பாடமாக இருக்கட்டும். லோடு மட்டும் லாரிக்கு லாரி மாறும். டேப்பை எடுத்துப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் பார்த்துவிட்டுத்தான் ரசீதில் கையெழுத்துப் போடுங்கள். ஈர மணல் பருத்து நிற்கும், கன அடியில் ஏமாற்றும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

3. 20, 53, 500: மூன்றையும் குழப்பாதீர்கள்

எம்20 என்பது காங்கிரீட்டின் வலிமை. 150 மி.மீ. கனசதுரம் வார்த்து, 28 நாள் கழித்து நசுக்கிப் பார்த்தால் சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும், சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 200 கிலோ. சிமென்ட் மூட்டையில் இருக்கும் 53 கிரேடு, சிமென்டைத் தனியாகச் சோதித்தால் வரும் வலிமை. 53 கிரேடு சிமென்ட் போட்டதால் காங்கிரீட் உயர்ந்துவிடாது. தண்ணீர் கூடினால் எம்20கூடத் தேறாது. கம்பியில் பொறித்திருக்கும் எஃப்இ 500, அந்தக் கம்பி இழுவையில் நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு. பின்னால் ‘டி’ இருந்தால் கூடுதலாக வளைந்து கொடுக்கும் கம்பி.

4. தண்ணீரை லிட்டரில் சொல்லுங்கள்

‘தளதளன்னு’ வேண்டும் என்பார் கொத்தனார். தளம் போடுகிறவருக்கு அது சௌகரியம், தளத்துக்கு அல்ல. ஐ.எஸ். 456 தர நூல், சாதாரணக் கலவையில் எம்20க்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு அதிகபட்சம் 30 லிட்டர் என்கிறது. மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் அதில் அடக்கம். ஒன்று, ஒன்றரை, மூன்று என்று பெட்டிக்கணக்கில் கலப்பது எம்20 வரைதான். எம்25 என்று வரைபடம் சொன்னால் ஆய்வகம் வகுத்துத் தந்த மிக்ஸ் டிசைன் வேண்டும். பெட்டிக்கணக்கை நீங்களாக இழுத்து நீட்டாதீர்கள்.

5. மெயின் கம்பி மேலேயா, கீழேயா?

நான்கு பக்கமும் சுவர் தாங்கும் தளத்தில் நடுப்பகுதி கீழே தொய்யப் பார்க்கும், அடிப்பக்கம் இழுபடும். ஆகவே அங்கே மெயின் கம்பி கீழே, குறுகிய பக்கத்தின் திசையில். சன்ஷேடிலும் பால்கனியிலும் கதை தலைகீழ். வெளியே நீண்டிருக்கும் பாகம் கீழே சாயப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும். மெயின் கம்பி மேலேதான் இருக்க வேண்டும், சுவருக்கு உள்பக்கம் போதிய நீளம் பிடித்திருக்க வேண்டும். காங்கிரீட் கொட்டும்போது சட்டி தூக்குகிறவர்கள் மிதித்து மிதித்து அதைக் கீழே அமுக்கிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. சென்ட்ரிங் பிரித்த பிறகுதான் தொங்கும். சேர் கம்பி வைத்துத் தூக்கி நிறுத்துங்கள், நடக்கப் பலகை போடுங்கள், கொட்டி முடியும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். சன்ஷேடில் யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள். அதனால்தான் அங்கே தவறு நிறைய.

கம்பி எடைக்கும் ஒரு வாய்ப்பாடு: விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி 0.89 கிலோ, 12 மீட்டர் முழுக்கம்பி சுமார் 10.7 கிலோ. எடைமேடைச் சீட்டை இதோடு ஒப்பிடுங்கள்.

6. கவரை ரிங்கிலிருந்து அளந்து பாருங்கள்

கம்பிக்கு மேல் காங்கிரீட்டின் போர்வை எவ்வளவு என்பதே கவர். சாதாரணச் சூழலில் தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. மெயின் கம்பியிலிருந்து அளந்து கணக்குக் காட்டுவார்கள். வெளியே இருக்கும் ரிங்கிலிருந்து அளப்பதே சரி. கடற்கரைப் பக்கம் சூழல் கடுமை என்று வகைப்படும். அங்கே 45 மி.மீ. கவரும், குறைந்தது எம்30 காங்கிரீட்டும் வேண்டும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வருவதைச் சென்னையின் பழைய கடலோரக் குடியிருப்புகளில் அண்ணாந்து பார்த்தாலே தெரியும். ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில் செருகுவது கவர் அல்ல. கவர் பிளாக் வாங்கச் சொல்லுங்கள்.

7. தண்ணீர் காட்டும் நாளையும் முட்டு எடுக்கும் நாளையும் எழுதி ஒட்டுங்கள்

சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், போஸலானா கலந்த பி.பி.சி. சிமென்டுக்கு 10 நாள் க்யூரிங். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது நம்மவர்கள் நன்றாகச் செய்யும் வேலை. தூணுக்குச் சாக்கு சுற்றுவதைத்தான் மறப்பார்கள். 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தில் முட்டு 7 நாள் நிற்கட்டும், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். இவை சாதாரண சிமென்டுக்கான குறைந்த அளவுகள், பி.பி.சி. என்றால் இன்னும் பொறுங்கள். அடுத்த வேலைக்குச் சாமான் வேண்டும் என்று சென்ட்ரிங்காரர் அவசரப்படுத்துவார். சுவரில் ஒட்டிய தேதியைக் காட்டுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

8. விற்பனைச் சொல்லையும் தெரிந்துவையுங்கள்

உறவினரும் நண்பரும் ஃப்ளாட் வாங்கும்போது உங்களிடம்தான் வருவார்கள். கார்பெட் ஏரியா எது என்பதை 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டமே சொல்லிவிட்டது: உள்ளே புழங்கும் பரப்பும் உட்சுவர்களும் சேரும், வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி சேராது. சூப்பர் பில்டப் என்று சொல்லும் பரப்பில் படிக்கட்டும் லிஃப்டும் நடைபாதையும் பங்கு வைக்கப்பட்டிருக்கும். எதன் பேரில் சதுர அடி விலை என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

9. பழைய வீட்டுச் சொற்களை ஒதுக்காதீர்கள்

உத்திரம், போதிகை, வாரை, ரீப்பர், மெட்ராஸ் டெரஸ். பழுதுபார்க்க அழைத்தால் இவற்றோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். மெட்ராஸ் டெரஸில் தேக்கு உத்திரங்களுக்கு மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன் மேல் உடைசெங்கல் சுண்ணாம்புத் தளம் இட்டு, தட்டோடு பாவியிருப்பார்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு கழன்று விழும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து.

10. ‘நல்லா’ என்ற சொல்லை எஸ்டிமேட்டில் எழுதாதீர்கள்

நல்ல பூச்சு, நல்ல பெயின்ட், தரமான டைல்ஸ் என்று எழுதிய ஒப்பந்தங்கள் சண்டையில்தான் முடியும். பூச்சு எத்தனை மி.மீ., கலவை ஒன்றுக்கு எத்தனை, பெயின்ட் எத்தனை கோட், டைல்ஸ் என்ன அளவு, என்ன விலைக்குள் என்று எழுதுங்கள். தெரியாத சொல் வந்தால் மேஸ்திரியிடமே கேளுங்கள். கேட்ட பிள்ளையை எந்த மேஸ்திரியும் குறைவாக நினைத்ததில்லை. பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும்: வரைபடத்துச் சொல், சைட் சொல், அளவு என்று மூன்று பத்தி. மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் எந்தச் சொல்லையும் வைத்து வேலை ஏவாதீர்கள்.