தொட்டிக்குள்ளே ஒரு குப்பைப் பாடம்!

"அம்மா, குப்பை எப்படி மக்குதுன்னு பிராஜெக்ட் செய்யணுமாம். சார்ட் வாங்கித் தா!"

உங்கள் வீட்டு வாண்டு இப்படி வந்து நின்றால், உடனே கடைக்கு ஓடாதீர்கள். இரண்டு மண் தொட்டிகள் போதும்.

இரண்டிலும் தோட்டத்து மண்ணை நிரப்புங்கள். வாழைப்பழத் தோல், வாழை இலை, செய்தித்தாள், பழைய காட்டன் துணி, பால் கவர்... எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டி, தனித்தனியே புதைத்து, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். முதல் தொட்டிக்குத் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். இரண்டாவதில் வெயிலில் நன்றாகக் காய்ந்த மண். அதற்குச் சொட்டுத் தண்ணீர் கூடாது. இரண்டும் மழை படாத இடத்தில் இருக்கட்டும். மீன், கறி மிச்சம் வேண்டவே வேண்டாம், எலி வரும்!

வாரம் ஒருமுறை தோண்டிப் பார்த்து, கண்டதை அப்படியே நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

சில வாரங்களில் ஈரத் தொட்டியில் பழத்தோல் கறுத்து, குழைந்து, மண்ணோடு மண்ணாகும். பேப்பர் தொட்டாலே பிய்யும். பால் கவர் மட்டும் அச்சுகூட அழியாமல் பல்லை இளிக்கும்! மண்ணில் உள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் தங்கள் என்சைம்களால் தோலையும் இலையையும் சிதைத்துச் சாப்பிடுகின்றன. பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலியை வெட்ட அவற்றால் சுலபத்தில் முடியாது.

"காய்ஞ்ச தொட்டியில ஒண்ணுமே நடக்கலையே, மார்க் போயிடுமா?" என்று பிள்ளை முகம் வாடலாம். நீங்களாக எதையாவது எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அதுவும் ஒரு முடிவுதான்! அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் 1973-ல் குப்பை ஆய்வைத் தொடங்கிய வில்லியம் ராத்ஜே, பின்னாளில் பழைய குப்பைமேடுகளைத் தோண்டினார். பல வருஷங்களுக்கு முன் புதைந்த செய்தித்தாள்களைப் படிக்கவே முடிந்தது! ஈரமும் காற்றும் போதாவிட்டால் பேப்பர்கூட லேசில் மக்காது.

இனி, ஆரோக்கிய விஷயம். தோண்டும்போது கையுறை அவசியம். பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். வீசிங் உள்ள பிள்ளை என்றால் பெரியவர்களே தோண்டுங்கள். பூசணத் தூள் மூச்சுத் திணறலைக் கிளப்பும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும்; முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும்.

பிராஜெக்ட் முடிந்ததும் உங்கள் சமையலறையைப் பாருங்கள். காய்கறித் தோலை கேரி பேக்கில் இறுக்கி முடிச்சுப் போட்டு எறிகிறீர்களா? உள்ளே காற்றில்லாமல் அழுகி நாறும். குப்பைமேட்டில் மீத்தேன் வாயுவாகும். பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கொளுத்தினாலோ நச்சுப் புகை நம் நுரையீரலுக்குத்தான்.

ஈரக் குப்பைக்கு ஒன்று, உலர்ந்ததற்கு ஒன்று என இரண்டு கூடைகளை இன்றே வையுங்கள். எது எதில் போக வேண்டும் என்று உங்கள் வாண்டே சொல்லிக் கொடுக்கும்!