ஒரே லாக் ஃபைல், பல த்ரெட்: பெர்லில் எந்த வழி?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். எட்டு சிஎன்சி மெஷின்கள், மெஷினுக்கு ஒரு த்ரெட், எல்லா அளவுகளும் ஒரே லாக் ஃபைலில் பதிவாக வேண்டும். திறந்த ஃபைல் ஹேண்டிலை ஷேர் செய்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். பெர்ல் அதற்கு இடம் தராது. 2002-இல் 5.8 பதிப்போடு வந்த முறையில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி இன்டர்பிரெட்டர். எண், எழுத்து, அரே, ஹாஷ் ஆகியவற்றை ஷேர் செய்யலாம், ஹேண்டிலை முடியாது. ஆனால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் தரும் டிஸ்கிரிப்டர் எண் புராசஸ் முழுவதற்கும் பொதுவானது.

த்ரெட்களைத் தொடங்கும் முன்பே ஃபைலைத் திறந்துவிட்டால் ஹேண்டிலின் நகல் எல்லாவற்றுக்கும் கிடைக்கும். சின்ன ஸ்கிரிப்டுக்கு இது போதும். கவனிக்க வேண்டியது பஃபர்: அதுவும் த்ரெட்டுக்கு ஒன்று. ஷேர் செய்த மாறியின் மேல் பூட்டுப் போட்டு எழுதினாலும், பூட்டு விடுபடும் முன் ஃப்ளஷ் செய்யாவிட்டால் வரிகள் பாதியில் வெட்டுப்பட்டுக் கலந்துவிடும். ஆட்டோஃப்ளஷ் அவசியம். இங்கே ஃபைலைப் பூட்டும் ஃப்ளாக் (flock) உதவாது. எல்லா நகலும் ஒரே திறப்பைச் சேர்ந்தவை என்பதால் ஒன்றை ஒன்று தடுக்காது.

த்ரெட்கள் ஓடத் தொடங்கியபின் திறக்கும் ஃபைல் என்றால், ஃபைல்நோ (fileno) தரும் டிஸ்கிரிப்டர் எண்ணை அனுப்பி மறுபக்கம் அதை ஹேண்டிலாகத் திறக்கலாம். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மறுபக்கம் திறப்பதற்குள் முதல் த்ரெட் ஹேண்டிலை மூடிவிட்டால், அதே எண் வேறொரு ஃபைலுக்குப் போயிருக்கலாம். மெஷின் அளவு எங்கோ எழுதப்படும், எர்ரர் எதுவும் வராது.

ஒவ்வொரு த்ரெட்டும் தானே அப்பெண்ட் முறையில் திறப்பது இதைவிடப் பாதுகாப்பு. லினக்ஸில் உள்ளூர் டிஸ்கில், ஆட்டோஃப்ளஷோடு சிறு வரிகளை எழுத இது நன்றாகவே தாங்கும். நெட்வொர்க் டிரைவில் நம்ப வேண்டாம்.

பட்டறைக்கு என் தேர்வு த்ரெட் க்யூ. ஃபைலைத் தொடுவது ஒரே த்ரெட்; மற்றவை வரியைக் க்யூவில் போட்டுவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பும். ஹேண்டிலைப் பகிரும் பேச்சே இல்லை, வரிசையும் குலையாது. குறையும் உண்டு: புராசஸ் திடீரென்று செத்தால் க்யூவில் காத்திருந்த வரிகள் போய்விடும். நாமே நிறுத்தும்போதாவது அவை போகாமலிருக்க, மெஷின் த்ரெட்களை முதலில் ஜாயின் செய்து, பிறகு க்யூவை எண்ட் செய்து, எழுதும் த்ரெட்டைக் கடைசியாக ஜாயின் செய்யுங்கள்.

புதிதாகவே எழுதுகிறீர்கள் என்றால் ஃபோர்க்கையும் யோசியுங்கள். பெர்லின் ஆவணமே இந்த த்ரெட் முறையை ஊக்குவிப்பதில்லை.