குழந்தைக்குத் தக்காளி கொடுக்கலாமா?

"டொக்டர், தக்காளி தீத்தின உடனே பிள்ளைக்கு வாயைச் சுற்றிச் சிவந்துபோச்சு. அலர்ஜியோ?" இக்கேள்வியை நாம் அடிக்கடி கேட்கிறோம். கூடவே வந்திருக்கும் அம்மம்மா, "தக்காளி கிரந்தி எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்பார். அன்றோடு தக்காளி நின்றுவிடும். அடுத்த வாரம் முட்டையும் நிற்கும். கச்சான் பற்றிப் பேச்சே இராது. எமக்குக் கவலை தருவது தக்காளியல்ல, இப்படி ஒவ்வொன்றாக நிறுத்துவதுதான்.

தக்காளியில் புளிப்பு அமிலம் உண்டு. எச்சில் ஊறிய தோலிலோ எக்சிமா உள்ள தோலிலோ அது பட்டால் எரிந்து சிவக்கும். பட்ட இடம் மட்டும் சிவந்து, சிறிது நேரத்தில் மறைந்து, பிள்ளையும் சிரித்து விளையாடினால் அது பெரும்பாலும் ஒவ்வாமை அன்று. தீத்துமுன் வாயைச் சுற்றி வாஸ்லின் பூசி, பின்னர் ஈரத்துணியால் ஒற்றித் துடையுங்கள்.

உடம்பில் வேறிடங்களில் தடிப்பு, உதடு அல்லது கண் வீக்கம், வாந்தி ஏற்பட்டால் அந்த உணவை நிறுத்திவிட்டுக் குடும்ப வைத்தியரைக் காணுங்கள். மூச்சுத்திணறல், விடாத இருமல், நாக்கு வீக்கம், வெளிறித் துவளுதல் என்றால் உடனே 000. பிள்ளையை நிமிர்த்தித் தூக்காமல் கைகளில் படுத்தபடியே வைத்திருங்கள். ஆங்கிலம் தெரியாதே என்று அம்மம்மாமார் தயங்க வேண்டாம். "ஆம்புலன்ஸ்" என்றும் "தமிழ்" என்றும் சொல்லி, தொலைபேசியை வைக்காதிருந்தால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

திட உணவு ஏறத்தாழ 6 மாதத்தில் தொடங்கலாம், 4 மாதத்திற்கு முன் வேண்டாம். அந்த வயதில் பிள்ளைக்கு முக்கியமாகத் தேவைப்படுவது இரும்புச்சத்து. வெறும் அரிசிக்கஞ்சி போதாது. பருப்பிலுள்ள இரும்பை உடல் ஏற்கத் தக்காளியின் விற்றமின் சி உதவும். ஆகவே தோலும் விதையும் நீக்கி அவித்து மசித்த தக்காளி ஒரு தேக்கரண்டியைப் பருப்புச் சோற்றில் சேர்ப்பது நல்ல தொடக்கம். உப்பு, மிளகாய்த்தூள் வேண்டாம். ரசமும் போத்தல் தக்காளி சோஸும் இந்த வயதுக்கு உரியவையல்ல.

பிறந்தநாள் மேசைகளில் நாம் பயத்துடன் பார்ப்பது சின்னச் செரித் தக்காளியை. முழுதாக வாயில் போட்டால் தொண்டையை அடைத்துவிடும். திராட்சையைப் போலவே நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். பிள்ளையை இருத்தித்தான் கொடுக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் இருக்கவும் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் நாம் மருத்துவம் படித்தபோது வயிற்றோட்டமும் போசாக்கின்மையுமே பெரிய பயம். இங்கு நிலைமை வேறு. 2011இல் வெளியான மெல்பேர்ண் ஹெல்த்நட்ஸ் ஆய்வில், ஒரு வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு மேல் உணவு ஒவ்வாமை இருந்தது. முட்டையைப் பிந்தித் தொடங்கிய பிள்ளைகளிடம் முட்டை ஒவ்வாமை கூடுதலாகக் காணப்பட்டது. ஒருகாலத்தில் வைத்தியர்களே "தள்ளிப்போடுங்கள்" என்றார்கள். அது பிழை. நன்கு அவித்த முட்டையையும், கட்டியில்லாத கச்சான் பட்டரையும் முதல் வருடத்துக்குள்ளேயே கொடுக்க வேண்டும் என்பதே 2016 முதல் இங்குள்ள அறிவுரை. கடுமையான எக்சிமாவோ ஏற்கெனவே ஓர் உணவு ஒவ்வாமையோ இருந்தால் மட்டும் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

புதிய உணவை ஒரு நேரத்தில் ஒன்றாக, பகலில், பிள்ளை சுகமாக இருக்கும் நாளில் தொடங்குங்கள். ஒத்துக்கொண்டால் நிறுத்திவிடாமல் வாரத்தில் இரு தடவையாவது கொடுத்து வாருங்கள்.