மாறுகண் சிகிச்சையும் மரப்பு மருந்தும்



குழந்தைக்கு மாறுகண் இருந்தால் "அது அதிர்ஷ்டம், அப்படியே இருக்கட்டும்" என்று பாட்டிமார் சொல்வதுண்டு. அதே குழந்தை பள்ளிக்கு வந்ததும் "ஒன்றரைக்கண்" என்று கேலி செய்வோரும் உண்டு. இரண்டுமே தவறு. மாறுகண் அதிர்ஷ்டமுமன்று, குற்றமுமன்று; அது கவனிக்க வேண்டிய ஒரு குறை.

நம் ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. அவற்றின் இழுவை ஒத்துப்போகாவிடில் ஒரு கண் விலகி நிற்கும். இரு கண்களும் வெவ்வேறு காட்சிகளை அனுப்புவதால், குழந்தையின் மூளை விலகிய கண்ணின் காட்சியை ஒதுக்கிவிடும். நாளடைவில் அக்கண்ணின் பார்வையே மங்கும். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் பெரும்பாலும் பார்வையை மீட்கலாம். சிலருக்குக் கண்ணாடியும், நல்ல கண்ணைச் சிறிது நேரம் மூடிவைக்கும் பயிற்சியும் போதும். சிலருக்குத் தசையை இடம் மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

"பிஞ்சுக் குழந்தை வலி தாங்குமா?" என்பதே தாய்மாரின் அச்சம். இந்த அச்சத்தாலேயே பலர் காலம் கடத்திவிடுகின்றனர். அதற்கு விடை காண்போம்.

1884-ஆம் ஆண்டு வியன்னா நகரின் இளம் மருத்துவர் கார்ல் கோலர், கொக்கெய்ன் கரைசலின் சில துளிகள் கண்ணை மரத்துப்போகச் செய்வதைக் கண்டறிந்தார். ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யும் மருத்துவம் இவ்வாறு கண்ணிலேதான் தொடங்கியது. கொக்கெய்ன் தீங்கு மிக்கது. ஆகவே பின்னர் வேறு மருந்துகள் வந்தன. 1943-இல் சுவீடனின் லோஃப்கிரேன் உருவாக்கிய லிக்னோகெய்ன் இன்றும் பயன்படுகிறது.

வலிச் செய்தி நரம்பில் செல்ல, சோடியம் அயனிகள் நுண்ணிய வாயில்கள் வழியே உள்ளே நுழைய வேண்டும். மரப்பு மருந்து அவ்வாயில்களை அடைத்துவிடுகிறது. செய்தி மூளைக்கு எட்டாது, வலி தெரியாது. சில மணி நேரத்தில் மருந்து நீங்கியதும் உணர்வு திரும்பும்.

சிறு குழந்தை அசையாமல் படுத்திருக்காது. ஆதலால் முதலில் முழு மயக்கம் கொடுக்கின்றனர். அதோடு, கண்விழியைச் சுற்றியுள்ள டெனான் என்னும் மெல்லிய உறைக்கு அடியில், முனை மழுங்கிய ஊசியால் மரப்பு மருந்தும் செலுத்தலாம். இதனால் குழந்தை விழிக்கும்போது வலியும் வாந்தியும் குறைகின்றன. மற்றொரு நன்மையும் உண்டு. கண் தசையை இழுத்தால் சிலருக்கு இதயத் துடிப்பு மெதுவாகும். 1908-லேயே விவரிக்கப்பட்ட இவ்விளைவையும் இம்மருந்து குறைக்க வல்லது. மருந்தின் அளவைக் குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவரே முடிவு செய்வார்.

பெற்றோர் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. மயக்கத்துக்கு முன் மருத்துவர் குறித்த நேரத்திலிருந்து உணவு கொடுக்கக் கூடாது. இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட்டு கொடுத்தாலும் அது வாந்தியாகி நுரையீரலுக்குள் போய்விடலாம்.

நாம் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை கோவையிலும் உண்டு. குண்டடத்திலிருந்து பல்லடம் வழியே பேருந்தில் சென்றுவிடலாம்.

தோழியரே, உங்கள் தம்பி தங்கையரின் கண்களை இன்றே உற்றுப் பாருங்கள். ஒரு கண் விலகியிருந்தால் பெற்றோரிடம் சொல்லுங்கள். வகுப்பில் யாரையும் கேலி செய்யாதீர்கள். இறைவன் தந்த ஒளியைக் காப்பதும் அவருக்குச் செய்யும் தொண்டே!