முன் ஆக்சலில் சத்தமா? எடுத்தவுடன் ‘டிஃப்’ மீது பழி போடாதீர்கள்

கோல சிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வரைக்கும், வடக்கே தஞ்சோங் காராங் தாண்டி சபாக் பெர்ணாம் வரைக்கும், செம்பனைத் தோட்டங்களில் பழைய ஃபோர்வீல் வண்டிகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஹைலக்ஸ் எல்என்106, ஜிம்னி எஸ்ஜே410, லேண்ட் குரூசர் 70 எல்லாமே முன்பக்கமும் ஒரே இரும்பு ஆக்சல் கொண்டவை. முன்பக்கம் உறும ஆரம்பித்தால் போதும், “டிஃப் போச்சு, ஹாஃப் கட் கடையில் முழு ஆக்சல் பார்” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஒரு மாதச் சம்பளம் அப்படியே போகும். மாட்டிய பிறகும் சத்தம் போகாமல் இருப்பதுதான் கொடுமை.

“சத்தம் நடுவில் கேட்கிறது, அதனால் டிஃப்தான்”

அதிகப் பணத்தைக் கரைக்கும் நம்பிக்கை இது. ஒரு சக்கரத்தின் பேரிங்கில் எழும் உறுமல் ஆக்சல் குழாய் வழியாக ஓடி, ஸ்பிரிங், சேசிஸ் எல்லாம் ஏறித்தான் ஓட்டுநர் காதுக்கு வருகிறது. புறப்பட்ட இடத்தைக் காதால் மட்டும் பிடிக்க முடியாது. சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைத் திருப்பிப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

கையால் திருப்பும் ஹப் இருந்தால், முதலில் இரண்டையும் ‘ஃப்ரீ’யில் வைத்து, டூவீலில் ஓட்டுங்கள். இப்போது சக்கரமும் அதன் பேரிங்கும் மட்டும்தான் சுற்றும். உள்ளே ஷாஃப்ட், டிஃப், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூன்றும் சும்மா நிற்கும். அப்போதும் உறுமினால் பேரிங், பிரேக், டயர் மூன்றில் ஒன்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். வண்டியை லேசாக இடப்பக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால், பாரம் ஏறும் வலப்பக்கப் பேரிங்கைப் பாருங்கள். முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டதும் சத்தமும் பின்னால் போனால், அது கட்டை மட் டயரின் இரைச்சல்.

அடுத்து ஹப்பை ‘லாக்’ செய்து, டூவீலிலேயே ஓட்டுங்கள். புதிதாக ஒரு சத்தம் சேர்ந்தால் அது சுற்றும் உறுப்புகளில் இருக்கிறது: பினியன் பேரிங் அல்லது புரொப்பெல்லர் ஷாஃப்டின் சிலுவை மூட்டு. மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’ என்று தாளம் தவறாமல் வந்தால் பெரும்பாலும் சிலுவைதான். கடைசியாக, செம்மண் சாலையில் ஃபோர்வீல் போட்டு, எண்ணெய் மிதித்தும் விட்டும் பாருங்கள். மிதிக்கும்போது ஊளையிட்டு விடும்போது அடங்கினால், அல்லது அதற்கு நேர்மாறாக நடந்தால், அப்போது கிரவுனையும் பினியனையும் பேசலாம். மாற்றுவதானால் அவற்றை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். தொழிற்சாலையிலேயே ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தேய்த்த பற்கள் அவை.

“நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் அடங்கிவிடும்”

ஹப்பைக் கழற்றிப் பார்த்தால் பல வண்டிகளில் நட்டின் விளிம்பெல்லாம் உளித் தழும்பாக இருக்கும். டொயோட்டாவின் அந்த நட்டுக்கு 54 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். அது இல்லாதபோது உளியும் சுத்தியலும் கைக்கு வருகின்றன. அடித்து இறுக்கினால் ஆட்டம் நிற்கும், சத்தமும் சில நாள் அமுங்கும். ஆனால் சாய்ந்த உருளைகள் நெருக்குண்டு சூடேறி, கிரீஸ் உருகி, பேரிங் மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி மென்மையாக இறுக்கி, ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்ப்பதுதான் முறை. உருளையைப் புதிதாகப் போட்டுவிட்டு வெளி வளையத்தைப் பழையதாகவே விடுவது வீண்.

“நக்கிளில் ஒழுகுகிறதா, கிரீஸ் அடி”

சக்கரத்துக்குப் பின்னால் அந்த இரும்பு உருண்டையின் மேல் கறுப்பாகக் கூழ் வழிகிறதா? விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள். கியர் எண்ணெயின் கந்தக நெடி அடித்தால், ஆக்சலுக்குள் இருக்கும் சீல் தேய்ந்துவிட்டது. டிஃப் எண்ணெய் வெளியே வந்து பர்ஃபீல்டு மூட்டின் கிரீஸைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து எவ்வளவு கிரீஸ் திணித்தாலும் அதுவும் கரையும். மூட்டுக்குள் ஆறு குண்டுகள் ஓடும் பள்ளங்கள் தேய்ந்த பிறகு, முழுதாக வளைத்துத் திருப்பும்போது ‘கட கட கட’ என்று உடையும் சத்தம் வரும். சீலைப் புதிதாக்கி, மூட்டைக் கழுவி, மாலிப்டினம் கிரீஸ் நிரப்ப வேண்டும். தேய்மானம் குறைவாக இருந்தால் மூட்டுகளை மட்டும் இடம் வலம் மாற்றி மாட்டலாம். தேயாத பக்கம் பாரம் ஏற்கும்.

சீல் ஏன் போகிறது என்பதுதான் இங்கே பெரிய விஷயம். ஆக்சலின் தலையில் சுண்டுவிரல் அளவில் ஒரு மூச்சுக் குமிழ் உண்டு. தோட்டத்துக் களிமண் அதை அடைத்துவிட்டால், சூட்டில் விரியும் காற்றுக்கு வழியில்லாமல் எண்ணெயைச் சீலோடு சேர்த்து வெளியே தள்ளும். அதே சூட்டோடு வண்டி வாய்க்காலில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சும். கடலோரக் களிமண்ணில் கந்தகம் உண்டு. வாய்க்கால் வெட்டிக் காற்றுப் பட்டதும் சில இடங்களில் அது அமிலமாகி, நீர் துருநிறத்தில் ஓடும். அந்த நீர் பேரிங்குக்கு எமன். டிஃப் எண்ணெய் தேத்தாரே நிறத்தில் வடிந்தால் தண்ணீர் புகுந்தாயிற்று. குமிழைக் கழற்றி, ஒரு ரப்பர் குழாயை இன்ஜின் அறை உயரத்துக்கு ஏற்றிவிட சில வெள்ளிதான் செலவு. இதைச் செய்யாமல் ஆக்சல் மாற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

“கெட்டி எண்ணெய் ஊற்றினால் சத்தம் போகும்”

காதுக்குப் போகும், பல்லுக்குப் போகாது. கையேடு ஜிஎல்-5, 90 என்று சொன்னால் அதையே ஊற்றுங்கள்.

“தார்ச் சாலையில் ஃபோர்வீல் போட்டால் இழுக்கிறது, ஆக்சல் பழுது”

பழுது இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இந்த வண்டிகளில் நடு டிஃப் கிடையாது. மண்ணில் டயர் வழுக்கிச் சமாளிக்கும், தாரில் முடியாமல் விம்மும். டூவீலுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

அதற்குப் பயந்து வருடம் முழுக்க ஹப்பை ‘ஃப்ரீ’யிலேயே விடுபவர்களும் இருக்கிறார்கள். முன் டிஃப் சுற்றாமல் கிடந்தால் மேல் பற்களுக்கும் பேரிங்குக்கும் எண்ணெய் எட்டாது, அங்கே துரு பிடிக்கும். மாதம் ஒருமுறை 16 கிலோமீட்டராவது ஃபோர்வீலில் ஓட்டச் சொல்கிறது டொயோட்டா கையேடு. தோட்டத்துச் செம்மண் சாலையிலேயே அதை முடித்துவிடலாம்.