ஏரிக் களிமண்ணும் மணிச்சத்து மாசும்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் வேளாண்மை நெடுங்காலமாக ஏரிகளை நம்பி வளர்ந்ததாகும். விசயநகர ஆட்சிக் காலத்தில், திருமலைக் கோயிலுக்கு வந்த நன்கொடைகள் கோயில் கிராமங்களில் ஏரி, கால்வாய்ப் பணிகளுக்குச் செலவிடப்பட்டதைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. இத்தகைய நீர்நிலைகளை இன்று எதிர்நோக்குவது நீர்க்குறைவு மட்டுமன்று. வயல் உரமும் ஊர்க் கழிவுநீரும் வந்து சேரும் ஏரிகளில் பாசி பெருகி, நீர் கெடுகிறது. இதில் களிமண்ணின் பங்கு யாது?

களிமண் துகள் 0.002 மில்லிமீட்டரினும் சிறியது. ஆதலால், எடையை நோக்க அதன் மேற்பரப்பு மிகப் பெரிது. இவ்வட்டாரத்தில் மிகுந்துள்ள செம்மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் துகள்கள்மீது படிந்துள்ளன. மணிச்சத்தாகிய பாஸ்பேட்டை இவை இறுகப் பற்றிக்கொள்கின்றன. தழைச்சத்தின் நிலை வேறு. நேர் மின்னேற்றமுள்ள அமோனியத்தைக் களிமண் ஈர்க்கும். எதிர் மின்னேற்றமுள்ள நைட்ரேட்டோ நீருடன் சென்றுவிடும்.

மழைக்காலத்தில் கலங்கல் நீருடன் மணிச்சத்தும் ஏரிக்கு வருகிறது. கலங்கல் ஒளியைத் தடுப்பதால் பாசி அப்போது அடங்கியிருக்கும். வண்டல் படிந்தபின் நீர் தெளிந்து, மாசற்றது போலத் தோன்றும். ஆனால் சத்து அடிச்சேற்றில் தங்கியிருக்கிறது.

கோடையில் மட்கும் பொருள்கள் அடிநீரின் பிராணவாயுவை உட்கொள்கின்றன. அது தீர்ந்ததும் இரும்பு, கரையும் வடிவத்தை அடைகிறது; அது பற்றியிருந்த பாஸ்பேட் விடுபட்டு நீரில் கலக்கிறது. இங்கிலாந்தின் ஏரிகளை ஆராய்ந்த மார்ட்டிமர் இதனை 1941, 1942ஆம் ஆண்டுகளில் விளக்கினார். எனவே, கழிவுநீரை நிறுத்திய பின்னரும் பல ஆண்டுகள் அடிச்சேறே பாசிக்கு உணவளிக்கக்கூடும்.

இதிலிருந்து மூன்று படிப்பினைகள் பெறலாம். முதலாவதாக, ஏரியின் நீரை மட்டும் சோதித்தல் போதாது. அடிச்சேற்றின் மணிச்சத்தையும் அளவிட வேண்டும். இரண்டாவதாக, கழிவுநீரைத் தடுத்தல், மண்பரிசோதனைப்படி உரமிடுதல், நீர்ப்பிடிப்பில் வரப்பும் புல்லும் அமைத்து மண்ணரிப்பைக் குறைத்தல் ஆகியவை முதலில் நடைபெற வேண்டும். இவையின்றித் தூர் வாரினால் ஏரி மீண்டும் அதே நிலையை அடையும். மூன்றாவதாக, வற்றிய ஏரியின் வண்டலை வாரி வயலுக்கு இடும் பழைய வழக்கத்தைப் போற்ற வேண்டும். நகர, ஆலைக் கழிவு கலந்த ஏரியாயின், நச்சு உலோகங்கள் உள்ளனவா எனச் சோதித்த பின்னரே வண்டலை இடுதல் தகும்.

ஏரிக்கு மாசாவது வயலுக்கு உரமாகும். அதனை உரிய இடத்தில் சேர்ப்பதே நீர்நிலைப் பாதுகாப்பின் அடிப்படையாகும்.