பிரேக் கட்டையா? கழற்றுவதற்கு முன் கேஜ் மாட்டுங்கள்

டீசல் பிக்கப் ஒன்று ‘பிரேக் கட்டையா இருக்கு’ என்ற கம்ப்ளைன்டோடு ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைகிறது. பக்கத்து பே-காரர் நேராக பூஸ்டரைக் கழற்றுவார். புது பூஸ்டர் போட்டும் பெடல் இறங்காது. மறுநாள் ரிப்பீட் கம்ப்ளைன்ட். சூப்பர்வைசர் அப்போது உங்களைக் கூப்பிட வேண்டும் என்றால், அளந்து பார்த்துவிட்டுக் கழற்றுகிற ஆள் என்ற பெயர் உங்களுக்கு இருக்க வேண்டும். சரக்கு வண்டி ஒரு நாள் நின்றால் ஓனருக்கு ஒரு நாள் வாடகை போச்சு. அதனால் இந்த வேலையில் எடுக்கிற பெயர் சீக்கிரம் பரவும்.

1. கம்ப்ளைன்டை முதலில் பிரியுங்கள். ஓட்டுநருக்கு எல்லாமே ‘பிரேக் பிடிக்கலை’தான். பெடல் மெத்தென்று உள்ளே போனால் ஏர், லீக், மாஸ்டர் சிலிண்டர் என்று தேட வேண்டும். இறங்காமல் நின்றால் பூஸ்டரின் உதவி கிடைக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். “இறக்கத்துல இன்ஜினை ஆஃப் பண்ணி உருட்டுனீங்களாண்ணே?” என்று பக்குவமாகக் கேளுங்கள். டீசல் மிச்சம் பிடிக்க அப்படி வருகிறவர்கள் உண்டு. இரண்டு மூன்று மிதியிலேயே பூஸ்டரில் இருக்கும் வேக்குவம் தீர்ந்துவிடும். அங்கே ரிப்பேர் வண்டிக்கு இல்லை.

2. ஒரு நிமிட டெஸ்ட். வீலுக்குக் கட்டை வைத்து, கியர் நியூட்ரல், இன்ஜின் ஆஃப். நாலைந்து முறை மிதித்தால் பெடல் இறுகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. சிக்கிய காலிபர், பளபளத்துப்போன லைனிங் என்று வீல் பக்கம் போங்கள். இறங்கவில்லையா, வேக்குவத்தைத் தேடுங்கள். இந்த டெஸ்ட்டை ஓனர் கண்முன்னால் செய்யுங்கள். பில் போடும்போது பேரம் குறையும்.

3. பெட்ரோல் வண்டிப் பழக்கத்தை விடுங்கள். பெட்ரோல் இன்ஜினில் திராட்டில் இருப்பதால் இன்டேக்கிலேயே வேக்குவம் கிடைக்கும். டீசலுக்கு அந்த வசதி கிடையாது. தனி வேக்குவம் பம்ப் வேண்டும். நம்மூர் பிக்கப்கள் பலவற்றில் அது டைனமோவின் முதுகில், அதே ஷாஃப்டில் சுற்றும். எனவே சார்ஜ் லைட்டும் எரிந்து பிரேக்கும் கட்டையானால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். அந்த பம்புக்கு ஆயில் பைப் தனியாக வரும். அது அடைத்தால் உள்ளே பிளேடுகள் தேயும். சீல் போனால் ஆயில் டைனமோவுக்குள் இறங்கும். பல இன்ஜின்களில் டர்போ கன்ட்ரோலும் இதே வேக்குவத்தில்தான் ஓடுகிறது. ‘வண்டி இழுக்கலை, பிரேக்கும் கட்டை’ என்று இரண்டும் சேர்ந்து வந்தால், எங்கோ ஒரு மெல்லிய ஹோஸ் வெடித்திருக்கலாம். இரண்டு பேர் இரண்டு நாள் தேடுவதை நீங்கள் அரை மணியில் காட்டினால், அடுத்த இன்கிரிமென்ட் பேச்சில் அது நினைவுக்கு வரும்.

4. வேக்குவம் கேஜை பம்ப் வாயில் ஒருமுறை, பூஸ்டர் முனையில் ஒருமுறை மாட்டுங்கள். சமவெளியில் நல்ல பம்ப் 25 இன்ச்சை ஒட்டிக் காட்டும். 20-க்குக் கீழே போனால் சந்தேகப்படலாம். கடைசித் தீர்ப்பு கம்பெனி மேனுவலுக்கு. பம்ப் வாயில் சரி, பூஸ்டர் முனையில் குறைவு என்றால் ஹோஸ் அல்லது ஒருவழி வால்வு. ஹோஸ் வெளியே புதுசு போலத்தான் இருக்கும். உறிஞ்சும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும். வால்வை ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம்தான் காற்று போக வேண்டும். இரண்டு இடத்திலும் ரீடிங் சரி, பெடல் மட்டும் இறங்கவில்லை என்றால் அப்போது பூஸ்டரைத் தொடுங்கள். பெடலை மிதித்து வைத்திருக்கையில் காலடியில் ‘உஸ்’ சத்தம் நிற்காமல் வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும்.

ஊட்டியில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உயரம் சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தமே ஏறக்குறைய 23 இன்ச்தான். 25 காட்டவில்லை என்று நல்ல பம்பைக் கழற்றிவிடாதீர்கள். ஆயிரம் அடிக்கு ஓர் இன்ச் கழித்துக்கொள்ளுங்கள்.

பின் ஆக்ஸிலையும் குனிந்து பாருங்கள். லோடு தாங்க எக்ஸ்ட்ரா பட்டை போட்ட வண்டியில், லோடு சென்சிங் வால்வு ‘வண்டி காலி’ என்று நினைத்துப் பின்வீல் பிரேக்கைக் குறைத்துவிடும். ஓட்டுநர் இன்னும் பலமாக மிதித்துவிட்டு, அதையும் கட்டை என்பார்.

5. ஜாப் கார்டில் எண் எழுதுங்கள். ‘பூஸ்டர் செக் செய்யப்பட்டது’ என்பதை யாரும் படிப்பதில்லை. ‘பம்ப் 25, பூஸ்டர் முனை 12, ஹோஸ் மாற்றியபின் 25’ என்று எழுதினால் வாரன்டி கிளெய்ம் பார்ப்பவரும் கவனிப்பார், மேனேஜரும் கவனிப்பார். கிரெடிட்டை அடுத்தவர் எடுத்துக்கொள்ள முடியாது, கையெழுத்து உங்களுடையது.

6. சொந்தமாக ஒரு வேக்குவம் கேஜ் வாங்குங்கள். பொது டூல் ரூமில் இருப்பது நீங்கள் கேட்கும்போது இருக்காது. இன்டர்வியூவுக்குப் போகிற ஐ.டி.ஐ. தம்பிகள், ‘டீசல் வண்டியில் பூஸ்டருக்கு வேக்குவம் எங்கிருந்து வருகிறது’ என்ற கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லப் பழகுங்கள். ரீடிங் எழுதிய நோட்டையும் எடுத்துப் போகலாம். அதில் வண்டி நம்பரோ ஓனர் பெயரோ இருக்கக் கூடாது. இருந்தால், பழைய கடையின் கஸ்டமரை இழுத்து வருகிற ஆள் என்று புது முதலாளி முதலில் சந்தோஷப்படுவார். பிறகு தன் கஸ்டமரை நினைத்துக்கொள்வார்.